கட்டிப் போடுவதற்கு முன் சுகர் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் நெடுங்காலம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆஸ்பத்திரியில் தாக்குதல் என்று செய்தி வரும்போதெல்லாம் ஒரே மாதிரிதான் பேச்சு நடக்கிறது. வாசலில் மெட்டல் டிடெக்டர் வை, போலீஸைப் போடு, சட்டத்தைக் கடுமையாக்கு. 2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டபோதும் அப்படித்தான் பேசினோம். அந்தக் கோரிக்கைகளில் தப்பே இல்லை. அந்தச் சம்பவத்தில் கைதானவர் ஒரு நோயாளியின் மகன். வெளியிலிருந்து கத்தியோடு வருகிறவரைத் தடுக்க வாசலில் சோதனை வேண்டும்தான்.

ஆனால் கேஷுவாலிட்டியில் ராத்திரி டூட்டி பார்க்கிற நர்ஸுக்கும், ஹவுஸ் சர்ஜன் என்கிற பயிற்சி டாக்டருக்கும் அடிக்கடி அடி விழுவது வேறு இடத்திலிருந்து. நோயாளியே அடிக்கிறார். ஸ்ட்ரெச்சரில் வந்தவர் எழுந்து டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பிடுங்குகிறார், கடிக்கிறார், எட்டி உதைக்கிறார். இதற்கு மெட்டல் டிடெக்டரால் ஒரு பயனும் இல்லை. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்களைப் பாதுகாக்க 2008ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது; பத்து ஆண்டு வரை சிறை என்று சுவரில் போர்டும் வைத்திருக்கிறார்கள். கூரையில் பூச்சி ஊர்கிறது என்று அலறுகிற மனிதர் அந்தப் போர்டைப் படிக்கிற நிலையில் இல்லை. அவருக்குத் தேவை வைத்தியம். அந்த வைத்தியத்தைத் தானும் அடி வாங்காமல், அவரையும் அடிக்காமல் கொடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அதை எங்கள் ஆட்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லித் தருவதில்லை என்பதுதான் என் புகார்.

எம்.கே.பி. நகர் பக்கமிருந்து ஒரு ராத்திரி இரண்டு போலீஸ்காரர்கள் ஒருவரை ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். டாஸ்மாக் கடை வாசலில் ரகளை செய்தார், தடுத்தவரை அடித்தார் என்றார்கள். வாய் குழறியது. நிற்க முடியவில்லை, ஆனால் கிட்டே போனவர் மேல் எல்லாம் கை ஓங்கினார். வார்டு பாய் ஒருவர் அவர் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அன்றைக்கு மழை இல்லை. தொட்டால் தோல் ஜில்லென்று இருந்தது. டூட்டி டாக்டர் குளுக்கோமீட்டர் கேட்டார், சுகர் 34தான் இருந்தது, ஆபத்தான அளவுக்குக் குறைவு. நாலு பேர் ஒரு கையை மட்டும் அசையாமல் பிடித்துக்கொள்ள, ஊசி ஏற்றி 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் போட்டோம். பத்து நிமிடத்துக்குள் எழுந்து உட்கார்ந்து, மணி என்ன ஆச்சு என்று கேட்டார். லோடு ஏற்றுகிற வேலை. காலையில் இன்சுலின் போட்டவர், லாரி வந்துவிட்டது என்று மத்தியானம் சாப்பிடவில்லை. குடிக்கவே இல்லை. கடை வாசலில் மயங்கி விழுந்ததுதான் அவர் செய்தது.

இதை விதிவிலக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. திடீரென்று ஒருவர் மூர்க்கமாகிறார் என்றால் சுகர் குறைந்திருக்கலாம், ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்திருக்கலாம், தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், வலிப்பு வந்து தெளிகிற நேரமாக இருக்கலாம், மூளைக் காய்ச்சலாக இருக்கலாம். வயசான தாத்தா ராத்திரியில் நர்ஸைத் திட்டி அடிக்கிறார் என்றால் ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம், அல்லது சிறுநீர் அடைத்து வயிறு உப்பியிருக்கலாம். சிறுநீர் அடைப்பு என்றால் ட்யூப் போட்டதும் அமைதியாகிவிடுவார். போதையில் இருக்கிறவருக்கும் இதெல்லாம் வரும். சாராய வாடை அடிக்கிறது என்பதாலேயே தலைக்காயம் இல்லை என்று முடிவு கட்டிவிட்டால் உயிரே போகலாம். எனவே யார் வந்தாலும், எவ்வளவு கத்தினாலும், கூடிய சீக்கிரம் சுகர், ஆக்ஸிஜன் அளவு, காய்ச்சல், தலையில் காயம், கண்ணின் பாப்பா இத்தனையும் பார்த்தாக வேண்டும். மனநோய் என்று எழுதி வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதெல்லாம் அதற்கு அப்புறம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே அவசர நேரத்தில் எந்த மருத்துவமனையிலும் எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம் என்கிறது. கூட இருக்கிற நியமனப் பிரதிநிதியிடம், அதாவது நோயாளிக்காக முடிவு சொல்ல நியமிக்கப்பட்டவரிடம், சம்மதம் கேட்டுக்கொண்டால் போதும். அப்படி இருக்க, சுகர் கூடப் பார்க்காமல் ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுகிற பழக்கம் ஏன்?

குடிப்பவர்கள் விஷயத்தில் ரொம்பப் பேருக்குத் தெரியாத ஒன்று உண்டு. குடித்தவரைவிடக் குடியை நிறுத்தியவர்தான் எங்களுக்கு அதிகக் கஷ்டம். கீழே விழுந்து கால் உடைந்து ஞாயிற்றுக்கிழமை அட்மிட் ஆவார். சாதுவாக இருப்பார். திங்கட்கிழமை கை நடுங்கும், வியர்க்கும், தூங்க மாட்டார். செவ்வாய் ராத்திரி கட்டிலை விட்டு இறங்கி, உடைந்த காலோடு ஓடப் பார்ப்பார். சுவரில் பாம்பு இருக்கிறது என்பார், பிடிக்கப் போனவரைக் கடிப்பார். கடைசியாகக் குடித்ததிலிருந்து இரண்டு மூன்று நாளில் வருகிற இந்த நிலைக்கு லோராசிபம் மாதிரி அமைதிப்படுத்தும் மருந்தும், குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசியும் போட்டால் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றிவிடலாம். கவனிக்காமல் கட்டிப் போட்டால் செத்தும் போகலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடைகள் மூடியபோது இப்படி வந்தவர்கள் அதிகம். சென்னையில் ஆகஸ்ட் 18 வரைக்கும் கடை திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையே தெரிந்தால் செவ்வாய்க்கிழமை வராமல் தடுக்கலாம். தெரியாமல் போவது ஏன் என்றால், நாம் கேட்கிற விதம் சரியில்லை. கட்டில் பக்கத்தில் மாமியார், கொழுந்தன், எதிர்வீட்டுக்காரர் எல்லோரும் நிற்க, "குடிப்பழக்கம் உண்டாம்மா?" என்று சத்தமாகக் கேட்டால் எந்த மனைவியும் இல்லை என்றுதான் சொல்வாள். எங்கள் வார்டில் இருந்த ஒரு ஆயாம்மா, புளியந்தோப்புக்காரர், இதில் கெட்டிக்காரர். மருந்துச் சீட்டு வாங்கி வரலாம் வா என்று அந்தப் பெண்ணைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போவார். "கண்ணு, நான் டாக்டர் கிட்ட மட்டும்தான் சொல்வேன். கடைசியா எப்ப குடிச்சாரு? ஒரு நாளைக்கு எவ்ளோ?" என்று கேட்பார். தினம் ஒரு குவார்ட்டர், சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் குடித்தார் என்று பதில் வரும். அந்த ஒரு வரியை கேஸ் ஷீட்டில் எழுதினால் போதும், டாக்டர் மருந்தை முன்கூட்டியே ஆரம்பித்துவிடுவார். எந்தப் பாடப் புத்தகத்திலும் இதை இவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சில நேரம் நாம் கொடுக்கிற மருந்தே ஆளை மூர்க்கமாக்கும். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கமிருந்து பூச்சிமருந்து குடித்தவர்கள் வருவார்கள். அவர்களுக்கு அட்ரோபின் என்கிற முறிவு மருந்தை ஏற்ற வேண்டும். அதுதான் உயிர் காக்கும். அளவு கொஞ்சம் கூடிவிட்டால் நாக்கு வறளும், உடம்பு சூடேறும், நாடி தறிகெட்டு ஓடும், போர்வையைப் பிய்ப்பார்கள், இல்லாத ஆட்களோடு சண்டை போடுவார்கள். தற்கொலைக்கு முயன்றவள்தானே, புத்தி சரியில்லை என்று கையைக் கட்டிவிட்டு டிரிப்ஸை ஓட விடுவது ஆபத்தானது. அங்கே தேவை, தோலைத் தொட்டுப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுகிற நர்ஸ்.

சரி, காரணம் எதுவானாலும் அந்த நிமிடத்தில் அவர் அடிக்கிறாரே, என்ன செய்வது? ஒருவர் மட்டும் பேச வேண்டும். நம் ஊரில் ஆறு பேர் ஒரே நேரத்தில் "ஏய், படு!" என்று கத்துகிறார்கள். குழம்பிய மூளைக்கு அது இன்னும் பயம். பேசுகிறவர் இரண்டு கை தூரம் தள்ளி, சற்றே பக்கவாட்டில் நின்று, இரண்டு கையும் அவருக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் ஐ.டி. கார்டு கயிறும் இருந்தால் கழற்றிவிட வேண்டும்; பிடித்து இழுக்க அதுதான் முதலில் கையில் சிக்கும். வெளியே போகிற கதவு நம் பின்னால் இருக்க வேண்டும், அதே சமயம் அவருடைய வழியையும் மறிக்கக் கூடாது. சின்னச் சின்ன வாக்கியமாகப் பேச வேண்டும். "அண்ணே, நான் இங்க நர்ஸ். உங்களை யாரும் அடிக்க மாட்டாங்க. தண்ணி குடிக்கிறீங்களா? உட்கார்ந்துக்கிறீங்களா, படுத்துக்கிறீங்களா?" பாம்பு இருக்கிறது என்றால் இல்லை என்று வாதாட வேண்டாம், இருக்கிறது என்று ஆமாம் போடவும் வேண்டாம், பயமாக இருக்கிறது புரிகிறது, நாங்கள் கூட இருக்கிறோம் என்றால் போதும். பாதிப் பேர் இதிலேயே அடங்கிவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

அடங்காதவரைப் பிடிக்க ஐந்து பேர் வேண்டும். கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர், தலைமாட்டில் ஒருவர். தலைமாட்டில் இருப்பவர்தான் கட்டளை கொடுப்பார், நோயாளியோடு பேசுவதும் அவரே. ஐந்து பேர் சேரும் வரைக்கும் தொடக் கூடாது. இரண்டு பேர் போய்ப் பிடித்தால் அது சண்டையாகிவிடும். இரு தரப்பிலும் எலும்பு முறிவது அப்போதுதான். மல்லாக்கப் படுக்க வைத்து, முடிந்தால் தலைப்பக்கம் உயர்த்த வேண்டும். குப்புறப் போட்டு முதுகில் முழங்காலை ஊன்றுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் மூச்சு முட்டி இறந்துபோகலாம். கத்துவது நின்றதும் அடங்கிவிட்டார் என்று நினைப்பார்கள், அவருக்கு மூச்சே நின்றிருக்கும். கேஷுவாலிட்டியில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும், காவலுக்கு வருகிற போலீஸ்காரர் உட்பட, இந்த ஒன்றையாவது சொல்லித் தந்தே ஆக வேண்டும்.

கட்டுவதற்கு ரோலர் பேண்டேஜை எடுப்பார்கள், கைக்குக் கிடைப்பது அதுதான். இழுக்க இழுக்க அது சுருண்டு கயிறாகி மணிக்கட்டை அறுக்கும். விரல் நீலம் பாரித்து வீங்கிப்போன கைகளை எத்தனையோ அவிழ்த்திருக்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரித் தையல்காரரிடம் சொல்லி, படுக்கையில் குறுக்கே விரிக்கிற பழைய டிராஷீட் துணியை மடித்து, நாலு விரல் அகலத்தில் உள்ளே பஞ்சு வைத்து, இரண்டு பக்கமும் நீள நாடா விட்டுத் தைத்து வாங்கினோம். ஒரு செட்டுக்கு நாலு. துவைத்து மறுபடி பயன்படுத்தலாம். கட்டியபின் துணிக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். முடிச்சு இழுத்தால் அவிழ்கிற முடிச்சாக இருக்க வேண்டும். கட்டிலின் சட்டத்தில் கட்ட வேண்டும், ஏற்றி இறக்குகிற பக்கக் கம்பியில் கட்டக் கூடாது. கால் மணிக்கு ஒரு முறை விரலின் நிறம், நாடி, மூச்சு பார்த்து எழுத வேண்டும். தண்ணீர் வேண்டுமா, சிறுநீர் கழிக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். இதற்கு ஆகிற செலவு பழைய துணியும் தையல் கூலியும்தான்.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் என்ன நடந்தது என்பதைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். அதற்கெல்லாம் பிறகு வந்த 2017 சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், தேவையான நேரம் மட்டும்தான் கட்டலாம் என்கிறது. தண்டனையாகக் கட்டக் கூடாது, ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் கட்டக் கூடாது என்று மனநல மருத்துவமனைகளுக்குச் சொல்லியிருக்கிறது. பொது மருத்துவமனையின் கேஷுவாலிட்டிக்கும் அந்த அளவுகோலே இருக்க வேண்டும் என்பேன். ஏனென்றால் நாங்கள் கட்டியதில் பாதி, ராத்திரியில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் கட்டியது.

ஊசி பற்றியும் சொல்ல வேண்டும். மூர்க்கத்தை அடக்க ஹாலோபெரிடால், கூடவே புரோமெதசின் என்று இரண்டு மருந்தையும் சேர்த்து இடுப்பில் போடுவது நம் பக்கத்து வேலூர் சி.எம்.சி.யில் 200 நோயாளிகளிடம் முறையாகச் சோதிக்கப்பட்டு 2004இல் வெளியானது. லோராசிபம் தனியாகப் போட்டதைவிட இது சீக்கிரம் அமைதிப்படுத்தியது. பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதலிலும் இந்தச் சேர்க்கைக்கு இடம் உண்டு. ஹாலோபெரிடால் மட்டும் போட்டால் சிலருக்குக் கழுத்து கோணி நாக்கு தள்ளும். பார்க்கிற உறவினர்கள் பதறிப் போவார்கள். எதைப் போடுவது, எவ்வளவு போடுவது என்பது டாக்டர் வேலை. நர்ஸ் வேலை அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. ஊசி போட்டுத் தூங்கியவரை "அப்பாடா" என்று விட்டுவிட்டு எல்லோரும் அடுத்த கேஸுக்குப் போய்விடுகிறார்கள். மூச்சு அடங்குவதும், வாந்தி புரையேறுவதும், பிரஷர் இறங்குவதும் அந்த நேரத்தில்தான். விரலில் ஆக்ஸிஜன் கிளிப், ஒருக்களித்துப் படுக்கை, பக்கத்தில் ஓர் ஆள். இது மூன்றும் இல்லாமல் தூக்க ஊசி போடவே கூடாது.

கேரளத்தில் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் 2023 மே 10 அன்று நடந்ததை நினைத்தால் இன்னும் நெஞ்சு பதறுகிறது. போலீஸார் கூட்டி வந்த ஆள். காலில் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த கத்தரிக்கோலையே எடுத்து இளம் ஹவுஸ் சர்ஜனைக் குத்திக் கொன்றார். அதே மாதத்தில் கேரள அரசு சட்டத்தைக் கடுமையாக்கியது. நான் அந்தச் செய்தியைப் படித்ததும் யோசித்தது எங்கள் டிரெஸ்ஸிங் டிராலியைப் பற்றி. கத்தரிக்கோல், பிளேடு, ஃபோர்செப்ஸ் எல்லாம் நோயாளியின் கைக்கு எட்டுகிற தூரத்தில் திறந்த தட்டில் இருக்கும். சென்னையில் எந்த கேஷுவாலிட்டிக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். குழப்பமாக இருக்கிறவருக்குக் கட்டுப் போடும்போது தேவையான துணியை வெளியிலேயே வெட்டி எடுத்துக்கொண்டு போகலாம், டிராலியை அறைக்கு வெளியே நிறுத்தலாம். போலீஸ் கூட்டி வருகிறவருடன் போலீஸ்காரர் உள்ளேயே, கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். ஏ.ஆர். காப்பி எனப்படும் விபத்துப் பதிவேட்டின் நகலை வாங்குகிற மும்முரத்தில் அவர்கள் ஆஸ்பத்திரி போலீஸ் அவுட்போஸ்ட்டுக்குப் போய்விடுவது வழக்கமாக இருக்கிறது.

அரசுக்கு என் கோரிக்கை பெரிதல்ல. தமிழ்நாட்டில் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவுகளில் வருகிறவர்களை ஆபத்தின் அளவைப் பொறுத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துப் பார்க்கிற ஒழுங்கு வந்திருக்கிறது. நல்ல காரியம். அதே மாதிரி ஒவ்வொரு ஷிஃப்டிலும் மூர்க்கமானவரைப் பிடிக்க வேண்டிய அந்த ஐந்து பேர் யார் என்று பெயர் எழுதிப் போர்டில் போட வேண்டும். மாதம் ஒரு முறை ஒருவரை நோயாளியாக நடிக்க வைத்து ஒத்திகை பார்க்க வேண்டும். அதில் டாக்டர், நர்ஸோடு செக்யூரிட்டியும் வார்டு பாயும் கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் நிஜத்தில் பிடிக்கிறவர்கள் அவர்கள்தான். அவர்கள் இப்போது கான்ட்ராக்ட் ஆட்கள். ஆறு மாதத்தில் ஆள் மாறிவிடுகிறார்கள், பயிற்சி என்று எதுவுமே கிடையாது, கையில் லத்தி மட்டும் கொடுத்து நிற்க வைக்கிறார்கள். சம்பளமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. அவர்கள் முரட்டுத்தனமாக நடந்தால் அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடி வாங்கிய ஊழியர்களுக்கென்று ஒரு நோட்டு வேண்டும். எங்கே, எத்தனை மணிக்கு, யார் கூட இருந்தார்கள், என்ன காரணம் என்று எழுதினால் இரண்டு மூன்று மாதத்தில் எந்த நேரத்தில் ஆள் தேவை என்று தானாகத் தெரிந்துவிடும். இப்போது கன்னத்தில் ஐஸ் வைத்துக்கொண்டு டூட்டியைத் தொடர்கிறாள் அடி வாங்கிய நர்ஸ், யாரும் எழுதுவதில்லை. நோயாளி கடித்து ரத்தம் வந்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, மஞ்சள் காமாலை பி, எச்.ஐ.வி. இரண்டுக்கும் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது கூடப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

கடைசியாக, இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் ஒருவர் திடீரென்று அடிக்கிறார், உளறுகிறார் என்றால் கயிற்றால் கட்டாதீர்கள், பேய் பிடித்தது என்று எங்கும் கூட்டிப் போகாதீர்கள். கத்தி, அரிவாள்மனை எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளியா, வலிப்பு உண்டா, இரண்டு நாளில் கீழே விழுந்தாரா, கடைசியாக எப்போது குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளை, காலியாக இருந்தாலும், ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். கேஷுவாலிட்டிக்குள் அவரோடு ஒருவர் மட்டும் வாருங்கள், யார் சொன்னால் நோயாளி கேட்பாரோ அந்த ஆளாக இருக்கட்டும். வேறு யாரையாவது கட்டிப் போட்டிருப்பதையோ அமுக்கிப் பிடித்திருப்பதையோ பார்த்தால் தயவுசெய்து போனில் வீடியோ எடுக்காதீர்கள். நாளைக்குத் தெளிந்து வேலைக்குப் போக வேண்டிய மனிதர் அவர். மனநலச் சிகிச்சையில் இருப்பவருக்கு வீட்டில் தூக்கம் குறைகிறது, கோபம் கூடுகிறது என்றால் கைமீறும் வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை.